சாவி யார் கையில்?

1962ஆம் ஆண்டின் பதிவேடு திறந்தது. 2014ஆம் ஆண்டின் பதிவேடு திறக்கவில்லை!

விந்தை என்பீர்கள். விந்தைதான், ஆனால் சிரிக்க வைக்கும் விந்தையன்று, சிந்திக்க வைக்கும் விந்தை. நான் பணியாற்றும் பள்ளியின் அலுவலக அறையிலே, சென்ற ஆண்டு ஒரு முற்பகலில், என் கண்ணெதிரே நடந்தது இது.

முதியவர் ஒருவர் வந்திருந்தார். 1962இல் எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர். பிறந்த தேதிக்குச் சான்று வேண்டும் என்றார். எழுத்தர் பீரோவைத் திறந்தார். அடித்தட்டில் கிடந்த சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டினார். பத்து நிமிடத்தில் பெயரைக் கண்டுபிடித்தார். மை மங்கியிருந்தது, மறைந்துவிடவில்லை. எழுதிய கை என்றோ ஓய்ந்துவிட்டது. எழுதிய எழுத்து ஓயவில்லை. முதியவர் முகமலர்ந்து சென்றார்.

அடுத்து வந்தவர் ஓர் இளம்பெண். எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவி. செங்கற் சூளையில் உழைக்கும் தாயின் மகள். அரசுப் பணித் தேர்வில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைக்கப்பட்டிருந்தார். தமிழ்வழியில் பயின்றோருக்கு அரசுப் பணி இடங்களில் நூற்றுக்கு 20ஐ முன்னுரிமையாக ஒதுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2010இல் இயற்றப்பட்டதையும், பள்ளிப் படிப்பும் தமிழ்வழியிலேயே அமைந்திருக்க வேண்டும் என்று 2020இல் அது திருத்தப்பட்டதையும் நீங்கள் அறிவீர்கள். அந்தச் சான்றுதான் அவருக்கு வேண்டும்.

"ஐயா, ஆறிலிருந்து பத்து வரைக்கும் இங்கேதான் தமிழ்வழியில் படித்தேன்" என்றார்.

தலைமையாசிரியருக்கு அவரை நினைவிருந்தது. ஆனால் நினைவு சான்றாகுமா? அந்த ஆண்டுகளில் எங்கள் பள்ளியில் தமிழ்வழிப் பிரிவும் இருந்தது. ஆங்கிலவழிப் பிரிவும் இருந்தது. எவர் எந்தப் பிரிவில் என்ற பட்டியல் தாளில் இல்லை, கணினியில் இருந்தது. கணினியில் இருந்தது என்றா சொன்னேன்? தவறு! ஒரு வணிக நிறுவனத்தின் மென்பொருளுக்குள் இருந்தது. அந்த நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தம் முடிந்து ஆண்டுகள் சில ஆகிவிட்டன. கோப்பு எங்கள் கையில். அதைத் திறக்கும் உரிமை அவர்கள் கையில். தொலைபேசியில் கேட்டோம். "உரிமத்தைப் புதுப்பியுங்கள், விட்டுப்போன ஆண்டுகளுக்கும் சேர்த்துப் பணம் கட்டுங்கள், திறந்து தருகிறோம்" என்று விடை வந்தது.

"இரண்டு நாள் கழித்து வாம்மா" என்றார் தலைமையாசிரியர். வேறென்ன சொல்வார்?

செய்தி கேட்டு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வந்தார். தாம் வகுப்பாசிரியராக இருந்த ஆண்டுகளின் வருகைக் குறிப்பேடுகளைத் தம் வீட்டுப் பரணிலே கட்டி வைத்திருந்தார். கட்டை அவிழ்த்தார். பிரிவும் இருந்தது, பெயரும் இருந்தது. சான்று கிடைத்தது.

தோழர்களே! ஒரு பெண்ணின் எதிர்காலத்தை ஒரு முதியவரின் பரண் காப்பாற்றியது. அந்தப் பரணிலே கரையான் ஏறியிருந்தால்? அந்த முதியவர் அவ்வளவு அக்கறை இல்லாதவராக இருந்திருந்தால்? ஒரு குடும்பத்தின் முதல் அரசுப் பணி, ஒரு நிறுவனத்தின் ரசீதுப் புத்தகத்திலே சிக்கிச் சீரழிந்திருக்குமன்றோ!

அன்று இரவு எனக்கு எழுந்த கேள்விதான் இக்கட்டுரை. பள்ளியின் பதிவேட்டுக்குப் பூட்டு யார் போட்டது? அந்தப் பூட்டின் சாவி யார் கையில் இருக்கிறது?

ஊர்க் கணக்கு எழுதியவரின் செல்வாக்கு எத்தகையது என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நிலம் உழுதவனுடையது, ஆனால் எந்த நிலம் எவன் பெயரில் என்று எழுதும் கணக்கு கர்ணத்தினுடையது. உழவனுக்கு அந்தக் கணக்கைப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்தாலும் பார்க்கக் கிடைக்காது. வயலை விட வலிமை வாய்ந்தது அந்த ஏடு! பரம்பரையாக வந்த அந்தக் கிராம அலுவலர் பதவிகளைத் தமிழ்நாடு 1980இல் ஒழித்தது. ஒழித்தோம் என்று மகிழ்ந்தோம். ஆனால், கணக்கை எழுதுவோன் கையிலே கணக்குக்கு உரியவனின் குடுமி சிக்கிக்கொள்ளும் அந்த ஏற்பாடு, பஞ்சகச்சம் களைந்து கழுத்துப்பட்டை கட்டி, கணினித் திரையின் வழியாகப் பள்ளிக்கூடத்துக்குள் மீண்டும் நுழைந்திருக்கிறதே, அதைக் கண்டோமா?

மென்பொருள் என்பது என்ன? மாயமா? மந்திரமா? இரண்டுமில்லை. மனிதன் எழுதும் கட்டளைகளின் தொகுப்பு. "மாணவன் பெயரை வாங்கு, வகுப்பைக் கேள், வருகையைக் கூட்டு, நூற்றுக்கு 75க்குக் குறைந்தால் சிவப்பிலே காட்டு" என்று வரிவரியாக எழுதப்படுவதே மூலநிரல். மனிதன் படிக்கத்தக்க அந்த மூலநிரலை மறைத்துவிட்டு, எந்திரம் மட்டுமே புரிந்துகொள்ளும் வடிவத்தை விற்பது வணிகரின் வழக்கம். வாங்கியவன் பயன்படுத்தலாம், பார்க்கக்கூடாது. பழுது கண்டால் முறையிடலாம், திருத்தக்கூடாது. பணம் கொடுக்கலாம், படி எடுத்துப் பக்கத்துப் பள்ளிக்குக் கொடுக்கக்கூடாது. இதற்குப் பெயர் விற்பனையா? குடக்கூலி! அதுவும் வீட்டுக்காரர் விரும்பும்போது வாடகையை உயர்த்தும் குடக்கூலி!

இதை எதிர்த்து ஒருவர் கிளம்பினார். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலே பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன். அவரைக் கிளப்பியது பெரிய தத்துவமன்று. ஒரு சிறிய அச்சுப்பொறி! ஆய்வகத்துக்கு வந்த அச்சுப்பொறியிலே தாள் சிக்கிக்கொள்ளும்; சிக்கியதும் எல்லோருக்கும் தெரிவிக்குமாறு நிரலைத் திருத்தலாம் என்றால், அதன் மூலநிரலைத் தர மறுத்துவிட்டார்கள். திருத்தத் தெரிந்தவன் கையைக் கட்டிப்போட்டது எது என்று அவர் சிந்தித்தார். 1983இல் குனூ திட்டத்தை அறிவித்தார். நான்கு உரிமைகளை வகுத்தார்: எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தும் உரிமை, நிரலைப் படித்தறிந்து திருத்தும் உரிமை, படியெடுத்துப் பிறர்க்கு வழங்கும் உரிமை, திருத்திய வடிவத்தையும் பரப்பும் உரிமை. 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 21 வயது இளைஞர், லினக்ஸ் என்னும் கருவைத் தந்தார். இரண்டும் இணைந்து ஒரு முழு இயங்குதளம் உருவாயிற்று. கட்டற்ற மென்பொருள் என்று உரிமையை முன்னிறுத்தி ஸ்டால்மன் அழைத்ததை, 1998இல் வேறு சிலர் திறந்த மூல மென்பொருள் என்று பயனை முன்னிறுத்தி அழைக்கலாயினர். பெயரிலே பூசல் உண்டு. இங்கு நமக்கு வேண்டிய பொருளிலே பெரும் வேறுபாடு இல்லை. நிரல் திறந்திருக்கிறது, சாவி பயன்படுத்துவோன் கையில் இருக்கிறது.

"இவையெல்லாம் ஏட்டிலே நன்று, பள்ளிக்கூடத்திலே நடக்குமா?" என்று கேட்பார்கள் நடைமுறைவாதிகள். நெடுந்தொலைவு செல்ல வேண்டா. மேற்கு மலையைத் தாண்டிக் கேரளத்தைப் பாருங்கள்.

2001ஆம் ஆண்டுத் தொடக்கத்திலேயே பள்ளிகளுக்குக் கணினிக் கல்வி கொடுக்க அங்கே ஐ.டி. அட் ஸ்கூல் என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. சில ஆண்டுகளில் அது கட்டற்ற மென்பொருளுக்கு முழுமையாக மாறியது. மாற்றத்தின் உயிர்நாடி எது? எந்திரமா? இல்லை, ஆசிரியர்! ஆசிரியர்களுக்குள்ளிருந்தே தேர்ந்தெடுத்த பயிற்றுநர்கள் மற்ற ஆசிரியர்களைப் பயிற்றினார்கள். 2017இல் அத்திட்டம் கைட் என்னும் நிறுவனமாக உயர்ந்தது. 2018இல் மாணவர்களைக் கொண்ட கணினி மன்றங்கள் பள்ளிகளில் எழுந்தன. பள்ளி நிருவாகத்துக்கோ, சம்பூர்ணா என்ற மென்பொருள் வந்தது. 15,000க்கு மேற்பட்ட பள்ளிகளின் மாணவர் விவரம் அதில் அடங்கியது. அதன் அடித்தளம் எது தெரியுமா? மங்களூரிலே இளைஞர்கள் சிலர் தொடங்கிய நிறுவனம் எழுதி, மூலநிரலோடு உலகுக்குத் திறந்துவிட்ட ஃபெடெனா என்னும் நிரல்! திறந்து கிடந்ததை எடுத்தார்கள். தம் தேவைக்குத் திருத்தினார்கள். ஒரு மாநிலத்துக்கே பொருத்தினார்கள்.

ஹாங்காங்கிலே என்ன நடந்தது? ராஸ் பார்க்கர் என்னும் பள்ளி ஆசிரியர், தம் பள்ளியின் அன்றாடத் தொல்லைகளுக்குத் தீர்வாகத் தாமே எழுதத் தொடங்கிய நிருவாக மென்பொருள்தான் கிப்பன். வருகை, கால அட்டவணை, மதிப்பெண், பெற்றோருடன் தொடர்பு எல்லாம் அதனுள் அடக்கம். கட்டற்ற உரிமத்திலே அதை வெளியிட்டார். ஆசிரியர் எழுதினார், உலகம் எடுத்துக்கொண்டது. நாம் சுண்ணக்கட்டி பிடிக்கத்தான் பிறந்தோம் என்று எண்ணிக்கொண்டிருக்கும் என் போன்ற ஆசிரியர்களின் எண்ணத்திலே இச்செய்தி எத்தகைய மின்னலைப் பாய்ச்சுகிறது!

ஆனால், தோழர்களே, திறனாய்வு என்பது எதிரியின் ஓட்டையை மட்டும் எண்ணும் வேலையன்று. நம் பக்கத்து வாதத்தையும் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதே பகுத்தறிவு. ஆகவே உரைப்போம்.

கட்டற்ற மென்பொருளால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019இல் கேரளத்திலே அறிவித்தார்கள். 2,00,000 பள்ளிக் கணினிகள். கணினி ஒன்றுக்கு 1,50,000 ரூபாய் மதிப்புள்ள மென்பொருள். பெருக்கினால் 3,000 கோடி. நம்மவர்கள் மேடைதோறும் இதை முழங்குகிறார்கள். நான் கேட்கிறேன்: விலைகொடுத்துத்தான் வாங்கவேண்டும் என்று இருந்தால், எந்தப் பள்ளியாவது ஒவ்வொரு கணினிக்கும் ஒன்றரை இலட்சம் ரூபாய்க்கு மென்பொருள் வாங்கியிருக்குமா? வாங்கியிருக்காது, பாதியை வாங்கியிருக்கும், மீதியைத் திருட்டுப் படியாகப் போட்டிருக்கும், அல்லது இல்லாமலே இருந்திருக்கும். ஆகவே அந்த எண், சேமித்த பணத்தின் அளவன்று. கிடைத்த பொருளின் மதிப்பு. இரண்டும் வேறு. நம் கொள்கைக்குப் பெருக்கிய எண் தேவையில்லை. பெருக்கிய எண்ணை நாளை ஒருவன் கழித்துக் காட்டினால், கொள்கையும் கழிந்துவிட்டதாக ஊர் எண்ணிவிடும்.

இலவசம் என்ற சொல்லும் நம்மை ஏமாற்றுகிறது. உரிமத்துக்குப் பணமில்லை, உண்மை. ஆனால் சேவையகத்துக்குப் பணம் வேண்டும், மின்சாரம் வேண்டும், நாள்தோறும் காப்புப்படி எடுக்க ஆள் வேண்டும், ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும். கிணறு பொதுக்கிணறு என்பதற்காகக் கயிறும் வாளியும் தாமாக வருமா? வாரா. பொதுக்கிணற்றின் பெருமை தண்ணீர் இனாமாகக் கிடைப்பதிலே இல்லை. "உனக்கு இல்லை" என்று சொல்லும் உரிமை எவனுக்கும் இல்லாமற் போனதிலே இருக்கிறது.

அடுத்து, பாதுகாப்பு. "நிரலைத் திறந்து வைத்தால் திருடன் நுழைவானே" என்கிறார்கள் ஒரு சாரார். "ஆயிரம் கண்கள் பார்ப்பதால் பிழையே தங்காது" என்கிறார்கள் மற்றொரு சாரார். இரண்டும் மிகை! 2014இல் ஹார்ட்பிளீடு என்ற பெரும்பிழை வெளிப்பட்டது. உலகின் இணையத்தளங்களுள் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் திறந்த நிரலிலே, 2012 முதல் இரண்டாண்டு அது கண்ணில் படாமலே கிடந்தது. ஏன்? கண்கள் ஆயிரம் இருந்தன, பார்க்கத்தான் ஆளில்லை. உலகமே பயன்படுத்திய நிரலைப் பேணியவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கோர். கதவு திறந்திருந்தால் போதாது. உள்ளே வந்து பார்ப்போரும் வேண்டும் என்பது அது தந்த பாடம்.

மூடிய நிரலின் யோக்கியதையோ? வட அமெரிக்கப் பள்ளிகள் பெருவாரியாகப் பயன்படுத்தும் பவர்ஸ்கூல் என்னும் பள்ளி நிருவாக மென்பொருள் நிறுவனத்திலே 2024 டிசம்பரில் களவு நடந்தது. பூட்டை உடைத்து அல்ல; களவாடிய கடவுச்சொல் ஒன்றைக் கொண்டு உள்ளே நுழைந்தார்கள். கனடாவின் டொராண்டோ நகரப் பள்ளி வாரியம் தன் பெற்றோருக்கு என்ன அறிவித்தது தெரியுமா? 1985 முதல் அங்குப் பயின்ற மாணவர்களின் விவரங்கள் அகப்பட்டிருக்கக்கூடும் என்று! நாற்பதாண்டுக் காலக் குழந்தைகள்! களவுபோனது அழிக்கப்படும் என்ற நம்பிக்கையிலே நிறுவனம் கப்பமும் கட்டியது. கட்டியும் என்ன? 2025 மே மாதத்தில் அதே விவரங்களைக் காட்டி மீண்டும் மிரட்டல் வந்தது, இம்முறை பள்ளி வாரியங்களுக்கே!

நிரல் திறந்திருந்தால் இந்தக் களவு நடந்திராது என்று நான் சொல்லமாட்டேன். திருட்டுப்போன கடவுச்சொல்லைத் திறந்த நிரலும் தடுக்காது. நான் சொல்வது வேறு. ஆயிரமாயிரம் ஊர்களின் நெல்லை ஒரே களஞ்சியத்தில் குவித்து, ஒரே காவலனிடம் ஒப்படைத்தால், அவன் ஒருவன் கண்ணயர்ந்த இரவிலே எல்லா ஊரும் பட்டினி. சொந்தக் களஞ்சியம் வைத்துக்கொள்ளும் உரிமையைத் திறந்த நிரல் தருகிறது. உரிமையைத்தான் தருகிறது, காவலை நாம்தான் போடவேண்டும்.

நம் பள்ளிப் பதிவுகளிலே என்னென்ன இருக்கின்றன என்பதை எண்ணிப் பாருங்கள். பெயர் மட்டுமா? சாதி இருக்கிறது, குடும்ப வருமானம் இருக்கிறது, உடற்குறை இருக்கிறது, தந்தையை இழந்தவள் என்ற குறிப்பு இருக்கிறது. ஒரு சிறுமியைக் கைதூக்கிவிடுவதற்காகச் சேகரித்த இந்த விவரங்கள், தவறான கையிலே விழுந்தால் அவளை இனங்கண்டு இழிவு செய்யும் கருவியாகுமன்றோ? 2023ஆம் ஆண்டின் எண்ணியத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோர் அனைவரையும் குழந்தைகளாகவே கருதுகிறது. சட்டம் கருதுகிறது, பள்ளிகள் கருதுகின்றனவா? மென்பொருள் விற்க வருபவரிடம், "எங்கள் குழந்தைகளின் விவரம் எந்த ஊரில், எவர் பொறுப்பில் இருக்கும்?" என்று கேட்ட தலைமையாசிரியர் எத்தனை பேர்? "வண்ணம் அழகாக இருக்கிறதா? கட்டண ரசீது அச்சாகிறதா?" இவ்வளவுதானே நம் கேள்விகள்!

"ஜெர்மனியின் மூனிக் நகரமே திரும்பிவிட்டதே!" என்று கைகொட்டிச் சிரிப்பார் உண்டு. ஆம், மறைக்கவேண்டியதில்லை. அந்த நகராட்சி 2003இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்தது. 2013இல் ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றி முடித்தது. 2017இல் மீண்டும் விண்டோஸுக்கே திரும்ப முடிவு செய்தது. பத்தாண்டு உழைப்பு, ஒரு வாக்கெடுப்பிலே திரும்பிற்று. அதே ஜெர்மனியின் ஷிலெஸ்விக் ஹோல்ஸ்டைன் மாநிலம், 2024இல் தன் 30,000 அலுவலகக் கணினிகளைத் திறந்த மென்பொருளுக்கு மாற்ற முடிவெடுத்ததும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். மென்பொருளை ஒருநாளிலே மாற்றிவிடலாம். மனப்பழக்கத்தையும் ஆட்சியாளரின் ஆதரவையும் நாள்தோறும் பேணவேண்டும். வென்றுவிட்டோம் என்று உறங்குவோர் விழிக்கும்போது வென்றது கையில் இராது.

திறந்த நிரல் சாகாது என்ற நம்பிக்கையும் வேண்டா. மார்க் ஷட்டில்வொர்த் என்ற செல்வரின் ஆதரவிலே ஸ்கூல்டூல் என்னும் பள்ளி நிருவாக நிரல் வளர்ந்தது. பின்னர் அதன் வளர்ச்சி நின்றுபோயிற்று. ஆனால் ஒரு வேறுபாடு! மூடிய நிரல் செத்தால் பதிவேட்டையும் உடன்கட்டை ஏற்றிவிடுகிறது. திறந்த நிரல் நின்றாலும், நிரல் கிடக்கிறது, கோப்பின் வடிவம் தெரிகிறது, தெரிந்தவன் எவனும் வந்து பதிவேட்டை மீட்கலாம். எங்கள் பள்ளியிலே அந்த வாய்ப்பு மட்டும் இருந்திருந்தால், அந்தப் பெண் இரண்டு நாள் கலங்கியிருக்க வேண்டியதில்லை.

தமிழர்களாகிய நமக்கு இந்த நோய் புதிதுமன்று. கணினியிலே தமிழ் நுழைந்த நாள்களை நினைவுகூருங்கள். ஆளுக்கோர் எழுத்துரு, எழுத்துருவுக்கோர் குறியீடு. ஓர் இதழின் பக்கத்தைப் படிக்க அந்த இதழின் எழுத்துருவை இறக்க வேண்டும். இல்லையேல் அகரம் இருக்கவேண்டிய இடத்திலே அலங்கோலம்! 1999இல் சென்னையிலே கூடிய தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டு அரசு ஒரு தரத்தை வகுத்தது. 2010இல் ஒருங்குறியை ஏற்றது. அதன் பிறகே எவர் எழுதினும் எவரும் படிக்கலாம் என்ற நிலை வந்தது. எழுத்தின் குறியீடு பொதுவானதால் தமிழ் விடுதலை பெற்றது. எழுத்துக்கு வந்த அந்த விடுதலை, எழுத்தைத் தாங்கும் பதிவேட்டுக்கு இன்னும் வரவில்லை. இதுதான் என் முறையீடு.

நாம் முயலவே இல்லையா? முயன்றோம். எல்காட் நிறுவனம் 2007ஆம் ஆண்டளவிலேயே லினக்ஸை முனைந்து ஏற்றது. பாஸ் என்னும் லினக்ஸ் இயங்குதளம் சீடாக் நிறுவனத்தின் சென்னை மையத்திலே உருவாயிற்று. 2011 முதல் மாணவர்க்கு வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகளிலே அது விண்டோஸுடன் இணைந்தே வந்தது. அந்த மடிக்கணினி பெற்ற தலைமுறையைச் சேர்ந்தவன் நான். திரையிலே இரண்டு வாயில்கள் தோன்றும். ஒன்றிலேதான் நுழைந்தோம், மற்றொன்றை எட்டிப் பார்த்ததும் இல்லை. பட்டம் பெற்று, ஆசிரியனாகி, அலுவலக அறையிலே அந்தப் பெண் தலைகுனிந்து நின்ற நாளில்தான் எனக்கு அந்த இரண்டாவது வாயில் நினைவுக்கு வந்தது! வாயில் இருந்தது, வழிகாட்டி இல்லை. கருவியைக் கொடுப்பது பாதி வேலை. கருத்தைக் கொடுப்பதே மீதி வேலை. கேரளம் இரண்டாவது பாதியையும் செய்தது, வேறுபாடு அங்கேதான்.

இனி என் செய்வது? "இன்றே எல்லாவற்றையும் தூக்கியெறி, நாளையே திறந்த நிரலுக்குத் தாவு" என்று ஆர்ப்பரிப்பது எளிது. ஆர்ப்பாட்டம் முடிந்த மறுநாள் எழுத்தர் கட்டண ரசீது போடவேண்டுமே! ஆகவே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலாவது: எந்த மென்பொருளை வாங்கினாலும், பள்ளியின் முழு விவரத்தையும் எந்தக் கணினியிலும் திறக்கத்தக்க எளிய அட்டவணைக் கோப்பாக, ஒருங்குறித் தமிழிலே, ஆண்டுதோறும் ஒப்படைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதுங்கள். ஒரே ஒரு வரி! அந்த வரிக்கு இணங்காத விற்பனையாளர் என்ன விற்க வந்திருக்கிறார் என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

இரண்டாவது: வகுப்பு, பிரிவு, பயிற்றுமொழி அடங்கிய பட்டியலை ஆண்டு முடிவில் தாளிலே அச்சிட்டுக் கட்டி வையுங்கள். இதைப் பிற்போக்கு என்பார் உளர். 1962இன் தாள் பேசியதை நான் கண்ணாரக் கண்டேன். என்னை எவரும் நாணச் செய்ய முடியாது.

மூன்றாவது: தனிப் பள்ளியால் சேவையகம் பேண முடியாது என்பது மெய். பத்துப் பள்ளிகள் கூடினால் முடியும். உழவனும் நெசவாளனும் கூட்டுறவு கண்ட நாடு இது. ஆசிரியர் காண முடியாதா? ஒரு நிரல், ஒரு பேணுநர், பத்துப் பள்ளிகள். செலவும் பத்தில் ஒன்று. அச்சமும் பத்தில் ஒன்று. வேலை பறிபோகுமே என்று உள்ளூர் மென்பொருள் இளைஞர்கள் அஞ்ச வேண்டா. நிரலைப் பூட்டி வாடகை பிடுங்கும் வணிகம்தான் போகும். பொருத்தித் தரவும் பழுது பார்க்கவும் ஊர்தோறும் ஆள் வேண்டியிருக்கும்.

நான்காவது: மக்களின் வரிப்பணத்தில் எழுதப்படும் ஒவ்வொரு கல்வி மென்பொருளின் மூலநிரலும் மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். ஐரோப்பாவிலே 2017இல் இதே கோரிக்கை ஓர் இயக்கமாக எழுந்தது. இந்திய ஒன்றிய அரசே 2015இல், அரசுத் துறைகள் திறந்த மூல மென்பொருளுக்கே முன்னுரிமை தரவேண்டும், தவிர்த்தால் காரணம் காட்டவேண்டும் என்னும் கொள்கையை வெளியிட்டிருக்கிறது. தாளிலே இருக்கிறது, தாளிலிருந்து தரைக்கு இறக்குவது நம் வேலை.

ஐந்தாவது, அனைத்திலும் தலையாயது: ஆசிரியர்க்கு நேரம் கொடுங்கள். பாடம் நடத்தும் கையைப் பிடித்துத் தட்டச்சுக்கு இழுத்துவிட்டு, "புதிய மென்பொருளையும் கற்றுக்கொள்" என்றால், எந்த மென்பொருளும் ஆசிரியருக்குப் புதிய விலங்காகத்தான் தெரியும். திறந்த நிரலாலான விலங்கும் விலங்குதானே! எந்த விவரம் தேவை, எது தேவையில்லை என்று வரையறுத்து, தேவையற்ற கட்டங்களை நீக்குவதே முதற் சீர்திருத்தம். கேட்காத விவரம் களவு போவதில்லை.

இளைஞனே! "என் பள்ளியில் கணினி இருக்கிறது" என்று பெருமை பேசும் காலம் போய்விட்டது. கணினி யார் சொல்லைக் கேட்கிறது என்று விசாரிக்கும் காலம் வந்துவிட்டது. நீ பயின்ற பள்ளிக்கு ஒரு நாள் செல். தலைமையாசிரியரிடம் பணிவோடு கேள்: "ஐயா, இந்த நிறுவனம் நாளை கடையை மூடினால், என் பெயர் இப்பள்ளியில் இருக்குமா?" அவர் திகைத்தால் குற்றம் சாட்டாதே, அருகில் அமர்ந்து உதவி செய். பத்துப் பள்ளிகளிலே பத்து இளைஞர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டால், பூட்டு விற்போர் தாமாகவே சாவியையும் சேர்த்து விற்கத் தொடங்குவார்கள். நூறு பள்ளிகளிலே கேட்டால், பூட்டே தேவையில்லை என்ற நிலை வரும்.

அந்தப் பெண் இன்று அரசு அலுவலகம் ஒன்றிலே பணிபுரிகிறார். அண்மையில் எங்கள் பள்ளிக்கு வந்து, பரணைத் திறந்த அந்த ஆசிரியரைக் கண்டு வணங்கிச் சென்றார். ஆசிரியர் அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: "எனக்கு நன்றி சொல்லாதே அம்மா. அடுத்து வருகிறவளுக்குப் பரண் தேவைப்படாதபடி ஏதாவது செய்."

அவருக்குச் சொன்ன சொல்தான். நமக்கும் சேர்த்துச் சொன்ன சொல்.